இலை வாடும் வேளை: ஓர் அமுக்கத்தின் வரலாறு

தாவரத்துக்கு மூளை இல்லை, நரம்பும் இல்லை. ஆயினும் நீர் குறைகின்றது என்பது அதற்குத் தெரிந்துவிடுகின்றது. தெரிந்ததும் இலைகளிலுள்ள நுண்ணிய துளைகளை அது மூடிக்கொள்கின்றது. இலைவாய்கள் எனப்படும் இத்துளைகளின் வழியாகவே தாவரம் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றது; அதே வழியாகவே நீரை ஆவியாக இழக்கின்றது. திறந்து வைத்தால் தாகம், மூடிவிட்டால் பட்டினி. இந்த இக்கட்டில் "மூடு" என்ற கட்டளையைக் கொண்டுசெல்லும் தூதன் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எவரும் இதனை அறிவர். அந்தத் தூதனை அனுப்பி வைப்பது யார் என்பதே நான் இங்கு எழுத விரும்பும் விடயம்.

நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. தாவரவியல் என் துறையன்று. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் விஞ்ஞானச் செய்திகளை மொழிபெயர்த்துச் சுருக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்ற இரு சொற்களுக்குள் அரை நூற்றாண்டு உழைப்பையும் அதற்குள் நிகழ்ந்த பிணக்குகளையும் அடக்கிவிடுவது எமது தொழிலின் வழக்கம். அப்சிசிக் அமிலத்தின் கதையும் பெரும்பாலும் அவ்வாறே சொல்லப்பட்டு வந்துள்ளது: இரசாயனவியலாளர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர், அமைப்பை அறிந்தனர், பெயரிட்டனர், கதை முடிந்தது. இந்த வரலாற்றின் சாரமான பகுதி இரசாயனத்தில் இல்லை, பௌதிகத்தில் இருக்கின்றது என்பது என் கருத்து.

முதலில் சில சொற்கள். உயிரணு அல்லது செல் என்று தமிழகத்தார் வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் கலம் என்கின்றன. தாவரக் கலம் ஒரு தடித்த சுவருக்குள் அடைபட்ட நீர்ப்பை போன்றது. உள்ளே உப்புகளும் வெல்லங்களும் கரைந்திருப்பதால் நீர் மென்சவ்வினூடாக உள்ளே இழுக்கப்படுகின்றது. இது பிரசாரணம். உட்புகுந்த நீர் பையை ஊதச் செய்து சுவரோடு நெருக்குகின்றது. இந்த நெருக்குதலே வீக்க அமுக்கம். விறைப்பு அழுத்தம் என்றும் சொல்வர். சாதாரண இலைக் கலமொன்றில் இது ஐந்து முதல் பத்து வளிமண்டல அமுக்கம் வரை இருக்கக்கூடும். மோட்டார் காரின் ரயருக்குள் நாம் அடைக்கும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய இரண்டு. ஆகவே கீரைத் தண்டைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பிடிக்கும்போது அது வளையாமல் நிற்பது, ஒரு ரயரைவிட மூன்று நான்கு மடங்கு இறுக்கமாக ஊதப்பட்ட கோடிக்கணக்கான பைகள் அதற்குள் இருப்பதனாலாகும்.

இந்த விசையை அளக்க முயன்றவர்களில் முன்னோடி ஒரு மதகுரு. இலண்டனுக்கு அருகே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரெடிங்ரன் என்ற ஊரின் குருவாக இருந்த ஸ்ரீபன் ஹேல்ஸ், 1727 ஆம் ஆண்டில் 'வெஜிரபிள் ஸ்ரற்றிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். இரும்புப் பானையொன்றில் பட்டாணியை இட்டு நீரூற்றி, மூடியின் மீது பாரங்களை ஏற்றினார். ஊறிப் பருத்த பட்டாணி 184 இறாத்தல் பாரத்தை உயர்த்தியது. காய்ந்த விதை நீரை உறிஞ்சி ஊதும் விசையும் உயிருள்ள இலையின் வீக்க அமுக்கமும் ஒன்றல்ல என்று பிற்காலத்தவர் வேறுபடுத்துவர். அது நியாயமே. ஆயினும் தாவரத்துக்குள் பாரந்தூக்கும் விசை ஒன்று உண்டு, அதனை இறாத்தல் கணக்கில் எழுதலாம் என்ற எண்ணம் இந்தக் குருவானவரின் சமையற் பானையிலிருந்தே பிறந்தது.

பின்னர் நூற்றைம்பது ஆண்டுகள் மெதுவாகவே கழிந்தன. 1748 இல் பிரான்சில் நொலே என்ற மடாதிபதி, மதுசாரம் நிரப்பிய பன்றியின் சிறுநீர்ப்பை நீருக்குள் வீங்குவதைக் கண்டார். டுட்ரோஷே என்பவர் 1820களில் அந்நிகழ்வுக்குப் பெயர் சூட்டினார். 1867 இல் ஜேர்மனியின் மொறிற்ஸ் ட்ராபே செயற்கை மென்சவ்வு ஒன்றைத் தயாரித்தார். இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து பயன் தந்தது 1877 இல். அவ்வாண்டில் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜேர்மன் தாவரவியலாளர், ட்ராபேயின் மென்சவ்வை நுண்துளைகள் கொண்ட மட்பாத்திரத்தின் சுவருக்குள் படியச் செய்து, அதற்குள் வெல்லக் கரைசலை ஊற்றி, உள்ளே எழும் அமுக்கத்தை இரசக் குழாயினால் அளந்தார். ஒரு சதவீத வெல்லக் கரைசல் இரசத்தை ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர் உயர்த்தியது. தேநீரில் நாம் இடும் சீனியைவிட ஐதான கரைசல் அது!

அதே 1877 இல் ஒல்லாந்தரான ஹியூகோ டி விறிஸ் மற்றொரு வழியில் சென்றார். உயிருள்ள கலத்தை உப்பு நீரில் இட்டார். நீர் வெளியேற, உள்ளிருந்த பை சுவரை விட்டு விலகிச் சுருங்கியது. முதலுருச் சுருக்கம் என்று நாம் படிப்பது இதுவே. நீரில் மீண்டும் இட்டால் பை ஊதிச் சுவரைத் தொட்டது. தாவரம் உரமாக நிற்பதற்குக் காரணம் மரத்தன்மை மட்டுமல்ல, நீர் சுவரை நெருக்கும் நெருக்குதலே என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. ஃபெஃபரின் அளவீடுகளைப் பற்றி டி விறிஸ் தம் சக பேராசிரியர் வான்ற் ஹொஃப்பிடம் கூறினார். அவர் அந்த எண்களிலிருந்து கரைசல்களின் கோட்பாட்டை உருவாக்கி, 1901 இல் இரசாயனவியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றார். முதல் நோபல் பரிசின் அடியில் ஒரு தாவரவியலாளரின் மட்பாத்திரம் இருக்கின்றது என்பதை இரசாயன ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வதில்லை.

இனி ஓமோனின் பக்கம் திரும்புவோம். அதனைத் தேடியவர்கள் எவரும் வரட்சியைப் பற்றி எண்ணவில்லை.

சுவீடன் நாட்டின் ரோர்ஸ்ரன் ஹெம்பர்க் 1949 இல், உருளைக்கிழங்கின் தோலிலும் அஷ் மரத்தின் அரும்புகளிலும் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்று இருப்பதாக எழுதினார். கிழங்கு ஏன் மாதக்கணக்கில் முளைக்காமல் உறங்குகின்றது என்பது அவரது ஆராய்ச்சி. 1953 இல் பெனற்-கிளார்க், கெஃபோர்ட் என்ற இருவர் பிரித்தானியாவில் கடதாசி நிறப்பகுப்பு முறையால் அத்தகைய பொருளைப் பிரித்து, 'பீற்றா தடுப்பி' எனக் குறித்தனர். கலிபோர்னியாவில் பிரெட்றிக் அடிகொற்றின் குழுவினரோ பருத்திக் காய்கள் ஏன் பிஞ்சிலே உதிர்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜப்பானியர் ஒக்குமா, 225 கிலோகிராம் பருத்திப் பிஞ்சுகளிலிருந்து 9 மில்லிகிராம் பளிங்கைப் பெற்றார். 1963 இல் அதற்கு 'அப்சிசின் இரண்டு' என்று பெயரிட்டனர். உதிர்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அதே காலத்தில் வேல்சின் அபரிஸ்ற்வித்தில் பிலிப் வெயரிங், குளிர்காலத்துக்கு முன் மரங்களின் அரும்புகளை உறங்க வைக்கும் பொருளைத் தேடி, அதனை 'டோர்மின்' என்றார்.

இரண்டும் ஒன்றே என்று 1965 இல் காட்டியவர் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஜோன் கோர்ன்ஃபோர்த். கென்ற் மாநிலத்தில் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் மில்பரோ, ரைபாக் ஆகியோருடன் அவர் இதனைச் செய்தார். பொருளைச் செயற்கையாகவும் தயாரித்தார். இளம் வயதிலேயே செவிப்புலனை முற்றாக இழந்த கோர்ன்ஃபோர்த் 1975 இல் நோபல் பரிசு பெற்றார், வேறு ஆய்வுகளுக்காக.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தமையால் 1967 இல் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டையொட்டி ஆய்வாளர்கள் கலந்து பேசி 'அப்சிசிக் அமிலம்' என்ற பெயரைத் தெரிவுசெய்தனர். உதிர்ப்பு அமிலம் என்று தமிழாக்கலாம். பெரும்பாலான தாவரங்களில் இலையுதிர்வைத் தூண்டும் முதன்மையான ஓமோன் எதிலீன் வாயு என்பது பின்னர் தெளிவாயிற்று. பெயரோ மாறவில்லை. பெயர் சூட்டு விழா முடிந்த மறுவருடங்களிலேயே அந்த அமிலத்தின் உண்மையான உத்தியோகம் வெளிவந்தது என்பதுதான் வேடிக்கை.

அதனை வெளிக்கொணர்ந்தவர் இங்கிலாந்தின் வை கல்லூரியில் பணியாற்றிய எஸ்.ரி.சி. ரைற். இவரது பெயர் கோர்ன்ஃபோர்த்தின் பெயரைப்போல் பொதுமக்களிடம் வழங்கவில்லை. கோதுமை இலைகளைக் கொய்து வாடவிட்டால் அவற்றில் பீற்றா தடுப்பியின் அளவு ஏறுவதை அவர் கண்டார். 1969 இல் ஹைறன் என்பவருடன் சேர்ந்து, ஏறுவது அப்சிசிக் அமிலமே என்று 'நேச்சர்' சஞ்சிகையில் அறிவித்தார். சில மணி நேர வாட்டத்தில் சுமார் 40 மடங்கு ஏற்றம். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மிற்றல்ஹோய்சரும் வான் ஸ்ரெவனின்க்கும் இவ்வமிலத்தைக் கொடுத்தால் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன என்று காட்டினர். ஃபிளக்கா என்ற தக்காளி விகாரி ஒன்று உண்டு; எப்போதும் வாடியே நிற்கும். அதன் மீது அப்சிசிக் அமிலத்தைத் தெளித்தால் அது நிமிர்கின்றது என்பதை 1970 இல் இம்பரும் ரல்லும் எழுதினர். உறக்கத்துக்கும் உதிர்வுக்கும் பெயரெடுத்த அமிலம், உண்மையில் வரட்சியின் காவலாளியாக இருந்தது.

இங்கேதான் நான் முதலிற் குறிப்பிட்ட கேள்வி எழுகின்றது. வாடுதல் என்பது ஒரு நிகழ்வன்று. பல நிகழ்வுகளின் கூட்டு. நீரின் அளவு குறைகின்றது. எஞ்சிய சாறு செறிவடைகின்றது. சுவரின் மீதிருந்த அமுக்கம் தளர்கின்றது. கலத்தின் கனவளவு சுருங்குகின்றது. மென்சவ்வு சுவரிலிருந்து விலகவும் கூடும். இவற்றுள் எதனைக் கலம் உணர்கின்றது? எதனைக் கண்டு ஓமோனை ஆக்கத் தொடங்குகின்றது? நாட்டில் கலவரம் மூண்ட இரவில் பல செய்திகள் ஒரே வேளையில் வந்து குவியும். எது முதலில் நிகழ்ந்தது, எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவதே ஆசிரியபீடத்தின் தலையிடி. வாடும் இலையின் முன் நின்ற உடற்றொழிலியலாளரின் நிலையும் அத்தகையதே.

பிரித்தறிவதற்கு அளவுகோல் வேண்டும். அது 1965 இல் கிடைத்தது. பெர் ஷொலாண்டர் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவில் அமுக்க அறை என்ற கருவியைப் பயனுக்குக் கொண்டுவந்தார். இலையையோ கிளையையோ உருக்குக் குவளைக்குள் வைத்து, வெட்டிய காம்பை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயுவைச் செலுத்துவர். காம்பின் வெட்டுமுகத்தில் சாறு துளிர்க்கும் அமுக்கத்தைக் குறித்துக்கொள்வர். இலை எவ்வளவு இறுக்கமாக நீரைப் பிடித்திருந்தது என்பதற்கு அது அளவு. வானளாவிய மரங்களின் உச்சிக் கிளைகளை அளக்க வேண்டியிருந்தபோது ஷொலாண்டரின் குழுவினர் அவற்றைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினர். விஞ்ஞானக் கட்டுரை ஒன்றில் குறிபார்த்துச் சுடுபவரின் உதவி இடம்பெற்ற சந்தர்ப்பங்கள் அதிகமிருக்காது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்கிறெற் பியர்ஸும் கிளவுஸ் றஷ்கேயும் 1980 இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்கு நேரடியாக முகங்கொடுத்தது. போஞ்சி, பருத்தி முதலியவற்றின் கொய்த இலைகளை அவர்கள் படிப்படியாக உலரவிட்டு, ஒவ்வொரு படியிலும் இலையின் நீர்நிலையையும் ஓமோனின் அளவையும் ஒப்பிட்டனர். வீக்க அமுக்கம் ஓரளவேனும் எஞ்சியிருந்தவரை ஓமோன் பெரிதாக ஏறவில்லை. அது பூச்சியத்தை அண்மித்ததும் ஏற்றம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் மறுபக்கத்தையும் காட்டினர்: இலைக்கு நீரூட்டி விறைப்பை மீட்டால் உற்பத்தி நிற்கின்றது, குவிந்த ஓமோனும் சிதைக்கப்படுகின்றது. ஆகவே சாற்றின் செறிவு அன்று, நீரின் மொத்த அளவும் அன்று, அமுக்கம் இழக்கப்படுவதே தூண்டுதல் என்று அவர்கள் முடிவு கண்டனர்.

இதனை மேலும் இறுக்கிக் கட்டியவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் றொபேட் கிறீல்மனும் யான் சேவார்ற்றும். இவர்களது 1985 ஆம் ஆண்டுப் பரிசோதனையை விஞ்ஞானம் அறியாத நண்பர்களுக்கும் நான் விளக்கிச் சொல்வதுண்டு, அவ்வளவு நேர்த்தியானது. ஸ்பினாச் கீரையின் மெல்லிய துண்டுகளை மனிற்றோல் கரைசலில் இட்டனர். மனிற்றோல் கலத்துக்குள் எளிதில் நுழையாது, வெளியே நின்று நீரை உறிஞ்சியெடுக்கும், விறைப்பு போய்விடும். ஓமோன் ஏறியது. அடுத்து எதிலீன் கிளைக்கோலில் இட்டனர். இது மென்சவ்வைக் கடந்து விரைவாக உள்ளே நுழைந்துவிடும். சாற்றின் செறிவு கூடும், ஆனால் அமுக்கம் ஒரு கணம் தளர்ந்து மீண்டுவிடும். ஓமோன் ஏறவில்லை. எதிலீன் கிளைக்கோல் ஒருவேளை நஞ்சாகி உற்பத்தியைத் தடுத்ததோ என்ற ஐயம் எழுமல்லவா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனர், ஓமோன் ஏறியது. நஞ்சு என்ற ஐயம் நீங்கிற்று. மென்சவ்வைச் சேதப்படுத்தும் என்று கருதப்பட்ட பொருள்களைக் கொடுத்தும் பார்த்தனர்; ஏற்றமில்லை. ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியே அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யும் நல்ல நியாயவாதியின் முறை இது. கலத்தைத் தூண்டியது இரசாயனத் தாக்கம் அன்று, பௌதிகத் தாக்கம் என்று அவர்கள் தீர்ப்பளித்தனர்.

அதன்பின் மூலக்கூற்று உயிரியலின் காலம் வந்தது. ஓமோன் ஆக்கத்தின் முக்கிய படியைச் செய்யும் நொதியத்தின் மரபணு 1997 இல் சோளத்தில் அடையாளங் காணப்பட்டது. கரட்டுக்கு நிறமூட்டும் கரோற்றினோயிட்டுகளின் வகையைச் சேர்ந்த நீண்ட மூலக்கூறு ஒன்றை அந்நொதியம் வெட்டுகின்றது. வெட்டுண்ட துண்டிலிருந்து ஓமோன் உருவாகின்றது. அறபிடொப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் வரட்சி ஏற்பட்டதும் விழித்தெழும் மரபணு என்.சி.ஈ.டி.3 என்பதை 2001 இல் ஜப்பானியர் காட்டினர். ஓமோனை ஏற்கும் வாங்கியைத் தேடும் ஓட்டப்பந்தயத்தில் சில இடறல்களும் நிகழ்ந்தன. 2006 இல் 'நேச்சர்' வெளியிட்ட கண்டுபிடிப்பு ஒன்று 2008 இல் மீளப்பெறப்பட்டது. 2009 இல் கலிபோர்னியாவிலும் மியூனிக்கிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்ட வாங்கிகளே நிலைத்தன. 2015 இல் அவ்வாங்கியை மாற்றியமைத்து, பங்கசுநாசினி ஒன்றைத் தெளித்ததும் இலைவாயை மூடும் செடிகளை உருவாக்கினர். நீர் குறையாமலே "நீர் குறைகின்றது" என்ற செய்தியைச் செடிக்கு ஊட்டும் வித்தை இது. வரட்சிக்கு முன்னேற்பாடாகப் பயனுள்ளதாகலாம். ஆனால் இலைவாயை மூடிய பயிர் காபனீரொட்சைட்டையும் இழக்கின்றது. மூடிய நாட்களின் கணக்கு விளைச்சலில் வெட்டப்படும். வரட்சி வலயத்து விவசாயிக்கு எத்தனை நாள் முந்தி மூடுவது என்பதே கேள்வியன்றி, மூட முடியுமா என்பதல்ல.

இதற்கிடையே மற்றொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. வரட்சியை முதலில் அறிவது வேர். அது அப்சிசிக் அமிலத்தை ஆக்கிச் சாற்றோடு மேலே அனுப்புகின்றது. இலை அதனைப் பெற்று மூடுகின்றது என்ற கருத்து 1980களில் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வுகளால் வலுப்பெற்றது. மண்ணுக்கு அருகிலிருப்பவன் செய்தி அனுப்புகின்றான் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. 2002 இல் ஹோல்புறூக்கும் சகாக்களும் ஓமோனை ஆக்க இயலாத தக்காளியின் வேரில் சாதாரணத் தக்காளியின் தண்டை ஒட்டினர். மண் உலர்ந்தபோது இலைவாய்கள் மூடின. வேரின் ஓமோன் இன்றியே! 2007 இல் கிறிஸ்ற்மன், கிறில் முதலியோர், வேரிலிருந்து இலைக்கு முதலில் செல்வது நீரமுக்கத்தின் தளர்ச்சி என்ற செய்தியே என்றும், அது இலையில் விறைப்பைக் குறைத்து அங்கேயே ஓமோனை ஆக்கச் செய்கின்றது என்றும் காட்டினர். ஷினொசாக்கியின் ஜப்பானியக் குழு 2018 இல், வேரிலிருந்து சி.எல்.ஈ.25 என்ற சிறு பெப்ரைட்டும் மேலே சென்று இலையில் அதே என்.சி.ஈ.டி.3 மரபணுவைத் தூண்டுவதை அறிவித்தது. ஆகவே தந்தியும் உண்டு, தபாலும் உண்டு என்று கொள்ளலாம்.

அமுக்கமே காரணம் என்ற முடிவுக்கு இன்னொரு வலுவான சான்று 2016 இல் தஸ்மேனியாவிலிருந்து வந்தது. ஸ்கொற் மக்அடமும் ரிம் புறொட்றிப்பும் இலையை உலர விடவேயில்லை. வெளியிலிருந்து அமுக்கம் கொடுத்து அதன் விறைப்பைத் தளர்த்தினர். 20 நிமிடங்களுக்குள் பூக்கும் தாவரங்களின் இலைகளில் ஓமோன் ஏறியது. உலர்ந்த காற்று வீசும்போது இலைவாய் மூடுவதற்கு எடுக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. பூக்காத தாவரங்களில் அந்த விரைவான ஏற்றம் காணப்படவில்லை. அவற்றின் இலைவாய்கள் காற்று உலரும்போது பெரும்பாலும் நீரிழப்பின் நேரடி விளைவாகவே மூடுகின்றன. அமுக்கத்தை ஓமோனாக மொழிபெயர்க்கும் இந்த விரைவு, தாவரங்களின் வரலாற்றில் பிந்தி வந்த ஆற்றல் போலும்.

பாடநூல் வாக்கியம் இவ்வாறு உறுதிப்பட்டுக்கொண்டிருக்கையில், 2018 இல் லோறன் சாக், கிறேஸ் ஜோன், தோமஸ் பக்லி ஆகிய மூவர் ஒரு சிறு கட்டுரையில் அதனை மறுத்தனர். உலரும் இலைகளில் ஓமோனின் ஏற்றம் கலத்தின் கனவளவு குறைவதோடு இணைந்து செல்கின்றதேயன்றி, வீக்க அமுக்கத்தோடு அன்று என்பது அவர்களின் வாதம். வெளியார்க்கு இது சொற்சண்டையாகத் தோன்றலாம்; காற்று போன பந்து சுருங்கத்தானே செய்யும்? ஆனால் விறைப்புப் பூச்சியமான பின்னரும் கலம் தொடர்ந்து சுருங்குகின்றது, ஓமோனும் தொடர்ந்து ஏறுகின்றது. பூச்சியமாகிவிட்ட ஒன்று தொடர்ந்து கட்டளையிட முடியாது. கலத்தின் சுவர் இறுகியதா, நெகிழ்ந்ததா என்பதைப் பொறுத்து இரண்டும் வேறு வேறு வேகத்தில் இறங்கும். வரட்சிக்கு எந்தப் பயிரைத் தெரிவுசெய்வது என்று ஆராய்பவருக்கு, விறைப்பைப் பார்ப்பதா, சுருக்கத்தைப் பார்ப்பதா என்பது சிறிய வேறுபாடன்று.

இரு தரப்பினரும் ஒருவகையில் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது. மென்சவ்வு சுவரைத் தொடும் இடம் அது. பிரான்சின் வெர்சாய் ஆய்வுகூடத்தில் ஹெர்மன் ஹொஃப்ரேயின் குழுவினர் செலுலோசுக் குறைபாட்டினால் குட்டையாகிப்போன அறபிடொப்சிஸ் விகாரி ஒன்றை வைத்திருந்தனர். கிரேக்கக் கதையில் வரும் புறொக்கிறஸ்ரிஸ் என்ற கள்வனின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். வழிப்போக்கரைத் தன் கட்டிலில் கிடத்தி, நீண்டிருந்தால் காலை வெட்டுபவன் அவன். 2007 இல், இன்னொரு புரதத்தையும் இழக்கச் செய்தால் அக்குட்டைச் செடி ஓரளவு உயரமாக வளர்கின்றது என்று கண்டனர். செலுலோசுக் குறைபாடு அப்படியே இருந்தது. அதாவது சுவரின் பலவீனம் நேரடியாக வளர்ச்சியைத் தடுக்கவில்லை. சுவர் பழுதடைந்துள்ளது என்று உணர்ந்து, வளராதே என்று கட்டளையிட்ட காவலாளி ஒருவன் இருந்தான். புறொக்கிறஸ்ரிஸைக் கொன்ற வீரனின் பெயரால் அப்புரதத்தைத் தீசியஸ் என்றனர்.

நோர்வேயின் ரொண்ட்ஹைம் நகரில் தோர்ஸ்ரன் ஹாமனின் குழுவினர் 2022 இல் இந்தத் தீசியஸை அப்சிசிக் அமிலத்தோடு தொடர்புபடுத்தினர். லோறா பசெற்றேயை முதல் ஆசிரியராகக் கொண்ட அவ்வாய்வின்படி, செயற்படும் கலச்சுவர் ஒன்று இருந்தாலன்றி ஓமோன் உற்பத்தி முறையாக நிகழ்வதில்லை. தீசியஸ் புரதத்தை மாற்றினால் சுவரின் இறுக்கமும், இலை விறைப்பிழக்கும் புள்ளியும், ஓமோனின் உற்பத்தியும் மாறுகின்றன. 2014 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கண்ட ஓஸ்கா என்ற கல்சியக் கால்வாய் போன்ற வேறு உணரிகளும் போட்டியில் உள்ளன. எது முதன்மையானது என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடு இன்னும் ஏற்படவில்லை. டி விறிஸ் 1877 இல் உப்பு நீருக்குள் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே இடத்தைத்தான்: பை சுவரை விட்டு விலகத் தொடங்கும் அந்த மெல்லிய இடைவெளியை.